அலாரத்துக்கு எழுந்த கை

கொருக்குப்பேட்டை கேட்டில் இருபது நிமிஷம்.
கூட்ஸ் வண்டி நின்று, யோசித்து, பின் நகர்ந்தது.
இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்டோக்காரர் கேட்டார்:
'டிராமாவா? யாரு போட்றாங்கோ?'
எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
என் பேஷண்ட் என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது முதல் பாட்டு முடிந்திருந்தது.
மூன்றாவது வரிசை, ஓர இருக்கை.
மேடைக்குக் கீழே கீபோர்டில் ஓபேத்.
முழுக்கைச் சட்டை, இடது கைக்கு மட்டும் பொத்தான் போடாமல்.
ஃபிஸ்டுலா வைத்த கை, இறுக்கக் கூடாது என்று
திட்டித் திட்டிச் சொன்னது நான்.

கல்யாண மண்டபங்களில் வாசித்தவன்,
ஞாயிறு காலைகளில் சர்ச்சில்.
முப்பத்து நான்கு வயதில் சிறுநீரகம் இரண்டும்
சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றபின்
வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம்
அவனை என் மிஷினோடு கட்டிப்போட்டிருந்தோம்.
ஊசி ஏறும்போதுகூடக் கண்ணை மூட மாட்டான்.
'அக்கா, உங்க அலாரம் பி ஃப்ளாட்டுல கத்துது.
பக்கத்து மிஷின் கொஞ்சம் மேல.
ரெண்டும் சேந்தா தாங்கல.'
நான் ம்யூட் பட்டனை அழுத்துவேன்.
அவ்வளவுதான் எங்களுக்குள் இருந்த சங்கீதம்.

மேடையில் இப்போது தண்ணீர்ப் பாட்டு.
லாரி வந்து நிற்கிறது, குடங்கள் ஓடுகின்றன,
பதினோரு பேர், பிளாஸ்டிக் குடத்தில் தாளம்.
நடுவில் ஒருவன் மட்டும்
ஒரு நாளுக்கான அரை லிட்டரை
பாட்டில் மூடியால் அளந்துகொண்டு நிற்கிறான்.
பின்வரிசைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள்,
குடம் இழுத்துச் சண்டை போட்ட கைகள்தானே.
மூடியின் கடைசிச் சொட்டுக்கு அவன் நாக்கை நீட்டியபோது
யாரோ தன் தண்ணீர் பாட்டிலைச்
சத்தமில்லாமல் பைக்குள் வைப்பதைப் பார்த்தேன்.

பிறகு நான் வந்தேன்.
என்னைவிட ஒல்லி, என்னைவிடச் சின்னவள்,
வெள்ளைக் கோட்டு இஸ்திரி கலையாமல்.
பேரை மாற்றியிருந்தான், நடையை மாற்றவில்லை.
குதிகாலைத் தேய்த்தா நடக்கிறேன் நான்?
பிளாஸ்டரைப் பிரிக்கும் முன் முனகுவேனாம்,
எனக்கே தெரியாத ஒரு மெட்டு.
அதைப் பதினோரு குரலில் பிரித்து
ஹால் முழுக்க விட்டிருந்தான்.
கன்னம் சுட்டது,
கேட்காமல் ஓவர்டைம் வாங்கிவிட்டதைப் போல.

அப்புறம் அலாரம்.
வயலினில்தான் வாசித்தார்கள், ஆனால் அதே சுருதி.
இருட்டில் என் வலது கை எழுந்து
இல்லாத பட்டனைத் தேடியது.
பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

ஆறாம் படுக்கை பாடியது.
தணிகாசலம். ஹார்பரில் வின்ச் ஓட்டியவர்.
மேடையில் அவருக்கு நீளமான பாட்டு.
முடிவில் எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் துழாவி,
மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறார்.
எல்லோரும் தட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
அந்தச் செருப்பை ஒரு கேரி பேக்கில் போட்டு
அவர் மகளிடம் கொடுத்தவள் நான்.
ஓபேத் அன்று ஏழாம் படுக்கை.
திரையை இழுத்து மூடியிருந்தோம்.
திரை எதை மறைக்கும், சத்தத்தையா?

கைதட்டல் ஓய்ந்த பிறகும்
அவன் இடது கை ஒரே ஒரு கட்டையை
விடாமல் பிடித்திருந்தது.
பி ஃப்ளாட்.
யாரும் ம்யூட் செய்யவில்லை.

முடிந்ததும் சால்வை, போட்டோ, கவுன்சிலர்.
ஆளாளுக்கு அவன் வலது கையைக் குலுக்கினார்கள்.
என்னைப் பார்த்ததும் இடது கையை நீட்டினான்.
இரண்டு விரல் வைத்தேன்.
தோலுக்கடியில் தூங்கும் பூனையைப் போல
கர்ரென்றது ரத்தம்.
'ஓடுது' என்றேன்.
'நாடகம் எப்டிக்கா?'
'அவருக்கு ஏன் அப்டி எழுதின?'
சால்வையை மடித்துக்கொண்டே இருந்தான்.
'வேற எப்டிக்கா அனுப்புறது?'

திங்கட்கிழமை, காலை ஆறு மணி ஷிஃப்ட்.
எடை பார்த்தேன். மூன்றே கால் கிலோ ஏறியிருந்தது.
'என்ன குடிச்ச?'
'சோடா. ரெண்டு.'
'ரெண்டா?'
மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டான்.
'நாலு.'